மிகாவேல் திருநாளில் தொடங்கும் எங்கள் இலையுதிர் காலம்

சகோதரி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் குடும்பம் நீங்கள். மிசூரிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள். இந்த வருஷம் வீட்டிலேயே பாடம் ஆரம்பித்திருக்கிறீர்கள். செப்டம்பர் பிறந்ததுமே கடைகளில் எலும்புக்கூடும் சூனியக்காரித் தொப்பியும் தொங்குவதைப் பார்த்து மனசு உறுத்துகிறது. "ஹாலோவீனுக்குப் பதிலாக இங்குள்ள லுத்தரன் ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் என்ன செய்கிறார்கள்? இதெல்லாம் நம் விசுவாசத்தைச் சேர்ந்ததா, வெறும் அமெரிக்கப் பழக்கமா என்று மாமியார் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் ஆம்பூர்க்காரி. செயின்ட் லூயிஸ் பக்கம் வந்து 14 வருஷம் ஆகிறது. மூன்று பிள்ளைகள், 9 வருஷமாக வீட்டில்தான் பாடம். எங்கள் சபையில் இன்னும் நான்கு குடும்பங்கள் இப்படி உண்டு. அவர்களிடம் கற்றதையும் எங்கள் வீட்டில் நிலைத்ததையும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் "பதிலாக" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் அக்டோபர் 31 ராத்திரிதான் ஹாலோவீன்; அதற்கு மாற்று தேடினால் மிட்டாய்க்கு மிட்டாய், வேஷத்துக்கு வேஷம் என்று கணக்குப் பார்த்தே அக்டோபர் போய்விடும். திருச்சபை நாள்காட்டியில் இந்த மூன்று மாதங்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. செப்டம்பர் 29 பிரதான தூதனான மிகாவேலின் திருநாள். அக்டோபர் 31 சீர்திருத்த நாள். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள். நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். கடைசியில் தேங்க்ஸ்கிவிங், அது நாட்டின் விடுமுறை, ஆனால் ஆலயமும் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

இவற்றை வீட்டில் கொண்டாட யார் அனுமதி தந்தார்கள் என்று கேட்டால், 16-ஆம் நூற்றாண்டில் திருச்சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தரே தந்தார். 1529-இல் அவர் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் கட்டளைகளின் தலைப்பிலேயே, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் முறை என்று வருகிறது. விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாவற்றுக்கும் இதே வாசகம்தான். போதகருக்கு மட்டும் எழுதிய புத்தகமாக அது இருந்திருந்தால் இந்த வரிக்கு வேலையே இல்லை. சாப்பாட்டு மேசையில் பிள்ளை "இது என்ன?" என்று கேட்கும், பெற்றோர் பதில் சொல்வார்கள் என்றுதான் அதை அமைத்திருக்கிறார். அந்த மேசைக்கு வருஷத்தில் சில நாட்கள் விசேஷ விரிப்புப் போடுகிறோம், அவ்வளவே.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதிகம் காத்திருப்பது மிகாவேல் திருநாளுக்கு. ஊரில் எனக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே சரியாகத் தெரியாது. இங்கே வந்த பிறகு சபையில் ஒரு மூதாட்டி கற்றுக்கொடுத்தார். அன்று இரண்டு கேக் செய்வோம். ஒன்று கறுப்பு, சாக்லேட் போட்டது. அமெரிக்கர்கள் அதற்கு டெவில்ஸ் ஃபுட் கேக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்றது வெள்ளை, ஏஞ்சல் ஃபுட் கேக். பெயர்ப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹோம்ஸ்கூல் அம்மாக்கள் இரண்டையும் இந்த நாளில் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள்.

வெள்ளைக் கேக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள், அதுவே ஒரு பாடம். 12 முட்டையின் வெள்ளைக்கரு. எண்ணெய் கிடையாது, வெண்ணெய் கிடையாது. கொஞ்சம் கிரீம் ஆஃப் டார்ட்டர் சேர்த்து நுரை பொங்கி முனை நிற்கும்வரை அடித்து, சர்க்கரையையும் சலித்த மாவையும் மெதுவாக மடித்துச் சேர்க்க வேண்டும். நடுவில் குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றுவோம். பாத்திரத்துக்கு நெய்யோ எண்ணெயோ தடவக் கூடாது. மாவு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறும், வழுக்கினால் ஏறாது. வெந்ததும் பாத்திரத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, குழாயை ஒரு கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் மாட்டி ஆறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அமுங்கிவிடும். பாட்டிலின் மேல் கேக் தலைகீழாகத் தொங்கும் அந்த ஒன்றரை மணி நேரம் என் பிள்ளைகள் சமையலறையை விட்டு நகர மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் மிகாவேல் வலுசர்ப்பமான பிசாசோடு போரிடும் வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தை வாசிப்போம். மிச்சமாகும் மஞ்சள் கருவில் கொஞ்சம் கறுப்புக் கேக்குக்குப் போகும், மீதி கஸ்டர்டுக்கு.

வாசித்தபின் என் சின்னவன் மரக்கத்தியை எடுத்துக்கொண்டு வலுசர்ப்பத்தைத் தேடி வீடெல்லாம் ஓடுவான். ஓடட்டும். ஆனால் மேசைக்குத் திரும்பி வந்ததும் 11-ஆம் வசனத்தை அவனையே வாசிக்கச் சொல்வேன்: "ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும்" ஜெயித்தார்கள் என்று இருக்கிறது. கத்தியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அன்று இரவு படுக்கும்போது லுத்தரின் மாலை ஜெபத்தைச் சொல்கிறோம். காலை ஜெபம், மாலை ஜெபம் இரண்டுமே, உமது பரிசுத்த தூதன் என்னோடு இருக்கட்டும், சத்துருவுக்கு என்மேல் அதிகாரம் வேண்டாம் என்ற வேண்டுதலோடுதான் முடிகின்றன. வருஷம் முழுக்கச் சொல்லும் ஜெபம், ஆனால் அந்த ஒரு ராத்திரி பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. அக்டோபரில் பக்கத்து வீட்டு வாசலில் எலும்புக்கூடு நிற்கும்போது என் பிள்ளைகள் பயப்படாமல் இருப்பதற்கு நான் வேறு எதுவும் செய்ததில்லை.

அக்டோபர் 31-க்கு வருகிறேன். 1517-இல் விட்டன்பர்க்கில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து லுத்தர் 95 வாக்கியங்களை எழுதினார். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுவார்கள்; மரச் சுத்தியலோடு வேஷம் போடுகிறவர்களும் உண்டு. என் பெரிய மகளுக்கு 12 வயதானபோது இதில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அன்று மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட்டுக்கு லுத்தர் கடிதம் அனுப்பினார், வாக்கியங்களையும் சேர்த்து அனுப்பினார் என்பது உறுதி. கோட்டை ஆலயக் கதவில் ஆணி அடித்தார் என்பதை முக்கியமாக லுத்தர் இறந்த பிறகு அவருடைய சகா மெலாங்க்தன் எழுதியதிலிருந்து அறிகிறோம். அது நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வீட்டில் பாடம் சொல்வதன் நன்மை இதுதான், பிள்ளை வளர வளர உண்மையையும் அதன் முழு அளவுக்கு விரித்துக் காட்டலாம்.

அந்த 95-இல் முதல் வாக்கியத்தை மட்டும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மனந்திரும்புங்கள் என்று இயேசு சொன்னபோது விசுவாசியின் வாழ்நாள் முழுதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றே கருதினார் என்பது அதன் சாரம். சில குடும்பங்களில் இந்த நாள் லுத்தரின் வீரக் கதையாக மாறிவிடுகிறது. இன்னும் சில இடங்களில் கத்தோலிக்கரைக் கேலி செய்யும் நாளாகவும் ஆகிவிடுகிறது. இரண்டும் எனக்குச் சம்மதம் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்தோலிக்கர், என் பிள்ளைகளின் உயிர்த் தோழர்கள். அவர்களும் அன்று வந்து சாப்பிடுவார்கள். ரோமர் 3-ஆம் அதிகாரம் வாசிப்போம், 46-ஆம் சங்கீதம் சொல்வோம். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்ற வசனம் அவர்களுக்கும் தெரியும்.

சாப்பாடு என்றால் இங்கே ஜெர்மன் சமையல்தான்: பிராட்வுர்ஸ்ட் சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஜெர்மனியின் சாக்சனிப் பக்கத்து பேக்கரிகளில் இந்த நாளுக்கென்றே ஒரு இனிப்பு ரொட்டி விற்கிறார்கள், நாங்கள் அதையும் சுடுவோம். மாவின் மூலைகளை நடுவுக்கு மடித்து, மையத்தில் சிவப்பு ஜாம் வைத்தால் பூ மாதிரி ஆகும். லுத்தர் ரோஜாவைப் போல. அந்த ரோஜாவின் பொருளை 1530-இல் ஸ்பெங்லர் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் லுத்தரே விளக்கியிருக்கிறார். சிவந்த இருதயத்தின் நடுவே கறுப்புச் சிலுவை, சுற்றிலும் வெள்ளை ரோஜா, பின்னால் வான நீலம், வெளியே முடிவில்லாத பொன் வளையம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வண்ணம் தீட்டக் கொடுங்கள். தீட்டிக்கொண்டே விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளும்.

பிள்ளைகள் மறக்காமல் கேட்கிற இன்னொன்று ஜெல்லிப் புழு மிட்டாய். 1521 ஏப்ரலில் தன் எழுத்துகளுக்காக விசாரிக்கப்பட்டு லுத்தர் பேரரசர் முன் நின்ற நகரத்தின் பெயர் வோர்ம்ஸ். அங்கே கூடிய சபையை ஆங்கிலத்தில் டயட் என்பார்கள். இரண்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் படித்தால் புழுவைத் தின்று பிழைப்பது போல் ஒலிக்கும். சாக்லேட் புட்டிங்கில் புழு மிட்டாயைப் புதைத்துக் கொடுத்தால் போதும், 1521 என்ற வருஷம் ஆயுசுக்கும் மறக்காது. அந்தச் சிரிப்பு அடங்கியதும், முதல் நாள் லுத்தர் உடனே பதில் சொல்லாமல் ஒரு நாள் தவணை கேட்டதைச் சொல்லுங்கள். தைரியசாலிக்கும் ஒரு ராத்திரி யோசிக்க வேண்டியிருந்தது என்று கேட்கும்போது பிள்ளைகளின் முகம் மாறும்.

ஹாலோவீன் ராத்திரி மிட்டாய் வாங்கப் போகலாமா கூடாதா என்பது பற்றி எங்கள் சபையில் ஒரே வழக்கம் இல்லை. போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. தேவன் கட்டளையிடவும் இல்லை, விலக்கவும் இல்லை என்ற வகையைச் சேர்ந்தவற்றில் ஒருவர் மனச்சாட்சியை மற்றவர் கட்டக் கூடாது என்பது லுத்தரன் போதனை. லுத்தரன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றான ஒருமைப்பாட்டு உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவே அதற்காக இருக்கிறது. எங்கள் வீட்டில் வாசல் விளக்கை அணைப்பதில்லை. வருஷத்தில் தெருவே வந்து கதவைத் தட்டுவது அந்த ஒரு ராத்திரிதான். பெரிய மிட்டாயாகக் கொடுத்து, பெயர் கேட்டு அனுப்புகிறோம்.

ஹாலோவீன் என்ற சொல்லே சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தின மாலை என்றுதான் பொருள்படும். மறுநாளின் பெயரைத்தான் அது சுமக்கிறது. அந்த நாளை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில், போன வருஷம் முதல் மரித்தவர்களின் பெயர்களைப் போதகர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மணி ஒருமுறை ஒலிக்கும். வீட்டில் நாங்கள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, எங்கள் பெரியவர்களின் பெயர்களைச் சொல்வோம். என் பாட்டியின் கல்லறையில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று வெட்டியிருக்கிறது. "நித்திரை என்றால் தூக்கம்தானே, அப்படியானால் எழுந்திருப்பாரா?" என்று என் இரண்டாவது மகன் ஆறு வயதில் கேட்டான். எழுந்திருப்பார் என்றேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எதுவும் விளக்கத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் வளரும் பிள்ளைக்கு இந்தச் சொல் கிடைக்காது சகோதரி. தயவுசெய்து இந்த நாளையாவது தமிழில் நடத்துங்கள்.

நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். ஆமியான் நகர வாசலில் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை இரண்டாக வெட்டிக் கொடுத்த ரோமப் போர்வீரன் மார்ட்டின். 4-ஆம் நூற்றாண்டுக் கதை. லுத்தர் 1483 நவம்பர் 10 அன்று ஐஸ்லேபனில் பிறந்து, மறுநாள் ஞானஸ்நானம் பெற்றார். அது இந்தத் திருநாள் என்பதால்தான் அவருக்கு மார்ட்டின் என்று பெயரிட்டார்கள். ஜாம் பாட்டிலில் பசை தடவி வண்ண டிஷ்யூ காகிதம் ஒட்டி, கழுத்தில் கம்பி கட்டி, உள்ளே சின்ன மெழுகுவர்த்தி வைத்தால் லாந்தர் தயார். இருட்டினதும் தெருவைச் சுற்றி வருவோம். வழக்கப்படி அன்று பெருவாத்து சமைக்க வேண்டும். விலை கட்டுப்படியாகாது, எங்கள் வீட்டில் கோழிக் குழம்புதான். போகும் வழியில் சின்னதாகிப்போன குளிர் ஜாக்கெட்டுகளைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்த நாளோடு பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதியையும் சேர்த்து நினைவுபடுத்துங்கள். பிறந்தநாள் போலவே அந்தத் தேதியையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காவது வியாழன். பல லுத்தரன் ஆலயங்களில் முந்தின நாள் புதன் மாலையே ஆராதனை நடக்கும். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்த லூக்கா 17 வாசிப்பார்கள். நம் ஊர் அறுப்புப் பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் பீடத்தின் முன் குவிந்து, ஆராதனை முடிந்து ஏலம் போகுமே, அந்தச் சத்தம் இங்கே இருக்காது. எனக்கு இன்னும் அது குறைதான். ஆனால் அன்று பாடும் நன்றிப் பாடலை எழுதியவரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். மார்ட்டின் ரின்கார்ட், சாக்சனியில் ஐலன்பர்க் நகரத்துப் போதகர். முப்பதாண்டுப் போர்க் காலத்தில் அந்த மதில் நகரத்துக்குள் அகதிகள் நெருக்கியடித்தார்கள். 1637-இல் கொள்ளைநோய் வந்தபோது ஆயிரக்கணக்கானோரை அடக்கம் பண்ணினார், அந்த வருஷமே தன் மனைவியையும். அந்தப் பாடலை அவர் முதலில் எழுதியது குடும்பமாகச் சாப்பாட்டு மேசையில் பாடும் நன்றி ஜெபமாகத்தான். வான்கோழியை வெட்டும் முன் எங்கள் வீட்டில் அது பாடப்படும்.

எழுத்து வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிசூரிச் சட்டப்படி வருஷத்துக்கு 1,000 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும்; அதில் 600 மணி வாசிப்பு, மொழி, கணிதம், சமூகவியல், அறிவியல். திருநாட்களால் படிப்பு கெடுமோ என்று பயப்பட வேண்டாம். ஐலன்பர்க்கை வரைபடத்தில் தேடுவது சமூகவியல். 12 முட்டைக்கான அளவைப் பாதியாக்கிக் கணக்குப் போடுவது கணிதம். முட்டை வெள்ளை ஏன் நுரைக்கிறது என்பது அறிவியல். அன்றன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள், வாரக் கடைசிக்கு விட்டால் மறந்துபோகும்.

பெற்றோருக்கு இந்த உரிமை நிலைத்ததில் ஒரு லுத்தரன் ஆசிரியருக்குப் பங்கு உண்டு என்பதையும் உங்கள் பெரிய பிள்ளைக்குச் சொல்லலாம். முதல் உலகப் போருக்குப் பின் நெப்ராஸ்கா மாநிலம், எட்டாம் வகுப்புத் தாண்டாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிக்கத் தடை போட்டது. 1920-இல் சீயோன் லுத்தரன் பள்ளியில் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் வேதாகமக் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்ததற்காக ராபர்ட் மேயருக்கு 25 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1923-இல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்பதில் பெற்றோருக்கு உள்ள உரிமையை அது ஏற்றுக்கொண்டது. ஹோம்ஸ்கூல் பெற்றோர் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. தாய்மொழியில் வேதக் கதை சொல்வதற்காக ஒருவருக்கு அபராதம் விதித்த தேசத்தில் இருந்துகொண்டு, நாம் தமிழில் சொல்லாமல் இருக்கலாமா?

உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். கேக்கும் புழு மிட்டாயும் அமெரிக்கப் பழக்கம்தான், மறைக்க வேண்டாம். உள்ளே இருப்பது அப்படியல்ல. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கினாரே, அவர் தமிழில் கற்றுக்கொடுத்ததும் இதே சிறிய ஞானோபதேசத்தைத்தான். இங்கே மிசூரியில் லுத்தரன் சபையை நட்ட சாக்சனிக்காரர்கள் 1838-இல் ஐந்து கப்பல்களில் கிளம்பினார்கள். அமாலியா என்ற கப்பல் கடலோடு போயிற்று. மிச்சமிருந்தவர்கள் மறு வருஷம் பெர்ரி கவுண்டியில் காட்டை வெட்டிக் குடியேறி, 1839-இலேயே மரக்கட்டைகளால் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆல்டன்பர்கில் அது இன்றும் நிற்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர்கள் வழியில் வந்த மிசூரி சினாட் என்ற லுத்தரன் சபை அமைப்பு வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மிஷனரிகள் வந்து சேர்ந்தது எங்கள் பக்கம்தான்: நேத்தரும் மோனும், 1895-இல், கிருஷ்ணகிரி. நான் பிறந்த ஆம்பூர் பெதஸ்தா மருத்துவமனையும் அந்த மிஷன் கட்டியது. என் மாமியாரும் இதே கேள்வியைக் கேட்டார்கள். இப்போது அக்டோபர் 31 சாயந்திரம் இங்கே விளக்கேற்றும் நேரத்தில், அங்கே விடிகாலையில் எழுந்து போனில் வந்து, பிள்ளைகளிடம் விசுவாசப் பிரமாணத்தின் விளக்கத்தைத் தமிழில் கேட்பது அவர்கள்தான். முதல் பகுதியில் தேவன் தந்தவற்றைச் சொல்லும்போது "உடை, செருப்பு" என்று வருமே, அந்த இடத்தில் சின்னவன் தன் செருப்பை எடுத்துக் கேமராவுக்குக் காட்டுவான்.

இந்த வருஷமே எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். நான் முதல் வருஷம் அப்படிச் செய்து நவம்பருக்குள் படுத்துவிட்டேன். மிகாவேல் திருநாளும் சகல பரிசுத்தவான்களின் திருநாளும் போதும். மற்ற நாட்களில் அன்றைக்குரிய வேதபாடத்தை வாசித்து ஜெபித்தால் சரி. செப்டம்பர் 29-க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நடுவில் குழாய் வைத்த கேக் பாத்திரம் உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன், புதிதாக வாங்க வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.